ஆறு பேருக்கு ஒரு மேசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது "யாழ்ப்பாணத்தில் கட்டாயம் சாப்பிட வேண்டிய பத்துக் கடைகள்" மாதிரியான பட்டியல் இல்லை. அப்படியான வீடியோக்கள் யூடியூப்பிலும் ரிக்ரொக்கிலும் தேவைக்கு மேல் கிடக்கு. ஒரு அண்ணா நண்டுக்காலைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து கடிச்சுப்போட்டு, "வேற லெவல் மக்களே" என்று கண்ணை மூடுவார். எனக்கு அவரோட கோபம் ஒன்றும் இல்லை. நானும் இரவு பன்னிரண்டு மணிக்குப் படுத்திருந்து அதைப் பார்த்துப் பசியைக் கிளப்புற ஆள்தான். ஆனால் அந்த வீடியோக்களில் ஒருநாளும் வராத ஒரு கேள்வி இருக்கு. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கேள்வி இதுதான்: "பார்சலோ பிள்ளை?"

நீங்கள் பெடியன் என்றால் இதில் என்ன இருக்கு என்று யோசிப்பீர்கள். பெட்டை என்றால் இந்நேரம் சிரித்திருப்பீர்கள்.

நாங்கள் ஆறு பேர். எல்லாரும் கலைப்பீடம், ஒரே பச். முதலாம் வருசத்தில் ஒரு குழு வேலைக்கு லெக்சரர் எழுந்தமானமாகச் சேர்த்துவிட்டார். வேலை முடிந்தும் நாங்கள் பிரியவில்லை. நான் சுன்னாகத்துக்காரி, வீட்டில் இருந்து பஸ்ஸில் வந்துபோகிறேன். மற்ற ஐந்து பேரும் வெளியூர். ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருந்து ஒருத்தி. புத்தளத்தில் இருந்து ஒருத்தி. அவளின் வாப்பா பிறந்தது யாழ்ப்பாணம் சோனகதெருவில். மட்டக்களப்பான் ஒருத்தன், மன்னாரான் ஒருத்தன், வவுனியாக்காரன் ஒருத்தன். இந்தக் கட்டுரையில் அவர்களை ஊர்ப் பெயராலேயே கூப்பிடுகிறேன். பெயரைப் போட்டால் பிறகு பில்லுக்குப் பங்கு தரமாட்டினம்.

கடை தேடுற பழக்கம் வந்தது ருசியால் இல்லை, சலிப்பால். விடுதியில் இருக்கிறவர்களுக்கும் போர்டிங்கில் இருக்கிறவர்களுக்கும் மூன்று நேரமும் ஒரே பருப்பு, ஒரே சொதி. எனக்கு வீட்டுச் சாப்பாடு கிடைக்குது என்று அவர்களுக்குப் பொறாமை. எனக்கோ அவர்கள் நினைத்த நேரம் வெளியே போகலாம் என்று பொறாமை. கடைசியில் மாதம் ஒருநாள் சேர்ந்து ஒரு புதுக் கடைக்குப் போவது என்று முடிவெடுத்தோம். சும்மா போனால் சரிவராது என்று மட்டக்களப்பான் நாலு சட்டமும் போட்டான்.

தலைக்கு 600 ரூபாவுக்கு மேல் போகக் கூடாது. ஒருக்காப் போன கடைக்கு அந்த வருசம் திரும்பப் போகக் கூடாது. சாப்பிட முன்னம் படம் எடுக்கிறவர்தான் எல்லாருக்கும் பில் கட்ட வேணும். பார்சல் கிடையாது, இருந்துதான் சாப்பிட வேணும்.

600 ரூபாச் சட்டம்தான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தோம். 2022க்குப் பிறகு சாமான் விலை ஏறின ஏற்றத்தில் கோழிக் கொத்து எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆனால் அதைச் சமாளிக்கலாம். ரெண்டு கொத்து எடுத்து ஆறு பேர் பிரிக்கலாம். பின்னேரத்துக்கு வடையும் பிளேன்ரீயும் போதும். உண்மையில் எங்களைப் போட்டு வாட்டினது கடைசிச் சட்டம்தான்.

முதலாவது சிக்கல் எங்களுக்குள்ளேயே இருந்தது. ஆறு பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடக்கூடிய கடை எது? புத்தளத்துக்காரிக்கு ஹலால் வேணும். நான் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டேன். பக்தி என்று சொல்ல ஏலாது, அம்மாவுக்குச் சொன்ன சொல். மன்னாரானுக்கு மீன் இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை, தவக்காலம் வந்தால் அவனும் இறைச்சியை விட்டுவிடுவான். வவுனியாக்காரனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. மட்டக்களப்பான் எதையும் சாப்பிடுவான். ஆனால் எல்லாத்தையும் சாப்பிட்டு முடிச்ச பிறகு "எங்கட ஊரில இதைவிட நல்லாச் செய்வினம்" என்று சொல்லாமல் எழும்பமாட்டான். பிட்டைக் கண்டால் "இது புட்டு இல்லை, கட்டித் தயிர் எங்க?" என்பான். கொத்துரொட்டியே கிழக்கில் இருந்துதான் வந்தது என்று ஒவ்வொரு கடையிலும் ஒரு விரிவுரை இருக்கும்.

கடைசியில் எங்கள் ஆறு பேருக்கும் பொதுவான இடமாக அமைந்தது சைவக்கடை. டவுனில் பஸ் நிலையத்தைச் சுற்றி, கஸ்தூரியார் வீதிப் பக்கம், திருநெல்வேலிச் சந்திப் பக்கம் என்று எத்தனையோ இருக்கு. மலாயன் கபே மாதிரிப் பழைய, எல்லாருக்கும் தெரிஞ்ச இடங்கள் இருக்கு. பெயர்ப்பலகையே மங்கிப்போன சின்னக் கடைகளும் இருக்கு. ஹலாலா என்று கேட்கத் தேவையில்லை, வெள்ளிக்கிழமையா என்று யோசிக்கத் தேவையில்லை. தோசை, உழுந்துவடை, சம்பல், சாம்பார். மன்னாரான் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பான்.

இந்தக் கடைகளில் எனக்குப் பிடிச்ச விசயங்கள் நிறைய. கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், கட்லட் எல்லாம் அடுக்கி மேசையில் கொண்டுவந்து வைப்பினம். எத்தனை எடுத்தோம் என்று எழும்பும்போது நாங்கள்தான் சொல்ல வேணும். நாலு பேர் ஏழு வடை சாப்பிட்டுவிட்டு ஐந்து என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் அந்த முறை இவ்வளவு காலம் ஓடுது. முன்பின் தெரியாத ஆளை நம்பி வியாபாரம் செய்கிற இடம் வேறு எங்கே இருக்கு? பிறகு, கை துடைக்கச் சதுரமாக வெட்டி வைச்ச பழைய பேப்பர். போன மாதத்துச் செய்தியில் பாதி உங்கள் கையில் இருக்கும். மற்றப் பாதியைத் தேடி அடுத்த மேசைக்குப் போகலாமா என்று இருக்கும். கோப்பைக்கு மேல் விரிக்கிற லஞ்ச் சீட் மட்டும் எனக்குப் பிடிக்காது. வாழையிலை வளர்கிற ஊரில் ஏன் பொலித்தீனில் சாப்பிடுகிறோம் என்பது வேறு கட்டுரை.

சரி, கேள்விக்கு வருவோம்.

இரண்டாம் வருசத் தொடக்கத்தில் ஒருநாள், லெக்சர் வேளைக்கு முடிந்தது. பெடியள் மூன்று பேரும் முதலே டவுனுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பெட்டையளும் பிந்திப் போனோம். சொன்ன கடைக்குள் கால் வைத்ததும் கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, மிகவும் அன்பாகத்தான் கேட்டார்: "பார்சலோ பிள்ளை?"

"இல்லை ஐயா, இருந்து சாப்பிட."

அவர் உள்ளே ஒருக்காப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு மேசை. எல்லாத்திலும் ஆம்பிளையள். அதில் ஒரு மூலையில் எங்கட பெடியள் மூன்று பேரும் ஏற்கெனவே வடைத் தட்டில் கைவைத்திருந்தார்கள். "அப்ப அங்கால போங்கோ, பெமிலி ரூம் இருக்கு" என்று ஒரு திரைச்சீலையைக் காட்டினார். அதற்குள் ஒரு மேசை, ஓடாத ஒரு காற்றாடி, அடுக்கி வைச்ச சோடாப் பெட்டிகள். நாங்கள் பெமிலி இல்லை, பச் மேட்ஸ் என்று சொன்னோம். அவருக்கு அது விளங்கவில்லை. "அங்க இருந்தா உங்களுக்குத்தான் சௌகரியம்" என்றார். கடையில் இருந்த எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். கெட்ட பார்வை என்று சொல்லமாட்டேன். பஸ் வராத நேரத்தில் பஸ் வந்தால் பார்ப்பார்களே, அப்படி.

அன்றைக்கு நாங்கள் திரைச்சீலைக்குள்தான் இருந்தோம். பெடியளும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஆறு பேர் நாலு கதிரையில். தோசை நல்ல தோசை. ஆனால் ஒருத்தரும் சரியாகக் கதைக்கவில்லை.

திரும்பி வரும்போது வவுனியாக்காரன் கேட்டான், "இதில என்னடி பிரச்சினை? மரியாதைக்குத்தானே சொன்னவர்." அவன் நல்லவன், உண்மையாகத்தான் கேட்டான். ஹட்டன்காரி திருப்பிக் கேட்டாள், "உன்னை எப்பயாவது அப்படி மரியாதை செஞ்சிருக்காங்களா?"

அதற்குப் பிறகு நாங்கள் கணக்கு வைக்கத் தொடங்கினோம். பெடியள் முதலில் உள்ளே போனால் என்ன கேட்கினம், நாங்கள் முதலில் போனால் என்ன கேட்கினம் என்று. பெடியளிடம் கேட்பது, "என்ன தம்பி சாப்பிடுறியள்?" எங்களிடம் கேட்பது, "பார்சலோ?" எல்லாக் கடையிலும் இல்லை. ஆனால் போன கடைகளில் பாதிக்கு மேல். நாங்கள் நடத்தினது ஆய்வு இல்லை, ஆறு பேரின் கணக்குப் புத்தகம். உங்கள் ஊரில் நீங்களும் ஒருக்காச் செய்து பாருங்கோ.

வீட்டில் அம்மாவிடம் கேட்டேன், "அம்மா, நீங்கள் சுன்னாகச் சந்தியில தேத்தண்ணிக்கடையில இருந்து தேத்தண்ணி குடிச்சிருக்கிறியளோ?" அம்மா நான் ஏதோ கூடாத கேள்வி கேட்ட மாதிரிப் பார்த்தா. "அங்க ஆம்பிளையள் இருப்பினம். நான் ஏன் அங்க போய் இருக்க வேணும்? வீட்டில தேத்தண்ணி இல்லையே?" அம்மாவுக்கு ஐம்பது வயது. சந்தைக்கு, வங்கிக்கு, பாடசாலைக்கு என்று அந்தச் சந்தியால் எத்தனை ஆயிரம் தரம் போயிருப்பா. வெயிலுக்குள் பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் நின்றிருப்பா. ஒருநாள்கூட அந்த வாங்கில் இருந்து ஒரு பிளேன்ரீ குடித்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. போகவேண்டும் என்று அவவுக்கே தோன்றவில்லை. எனக்குப் பயமாக இருந்தது அதுதான்.

"வீட்டுச் சாப்பாடு போல வருமா" என்று நாங்கள் பெருமையாகச் சொல்கிறோம். உண்மைதான், யாழ்ப்பாணத்தின் நல்ல சாப்பாடு முக்கால்வாசி வீட்டுக்குள்தான் இருக்கு. ஒடியல் கூழை எடுங்கோ. நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயத்தங்காய், மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் போட்டுப் பெரிய பானையில் காய்ச்சிச் சொந்தபந்தம் சுற்றி இருந்து குடிக்கிறது. ஆனால் அந்தப் பானைக்குப் பக்கத்தில் காலையில் இருந்து நின்றது யார்? நண்டு துப்பரவாக்கினது யார்? கடைசியில் அடியில் மிஞ்சினதைக் குடித்தது யார்? கடைச் சாப்பாடு என்றால் உடம்புக்குக் கூடாது, காசுக்குக் கேடு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊரில், ஒரு பெண் ஒரு நேரம் தான் சமைக்காமல், இன்னொருத்தர் கொண்டுவந்து வைக்க இருந்து சாப்பிடுகிறது என்பது சின்ன விசயம் இல்லை.

இந்த வருசம் ஒரு பாடத்துக்காகக் கே. டானியலின் பஞ்சமர் வாசித்தோம். கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் போவதற்காக நடந்த போராட்டம்தான் அந்த நாவலின் மையம். முதலில் எனக்கு அது விநோதமாக இருந்தது. கோயில் விளங்குது, தேத்தண்ணிக்கடைக்கு ஏன் இவ்வளவு போராட்டம்? வாசிக்க வாசிக்கத்தான் விளங்கினது. கடைக்குள் வந்து இருக்க விடாமல், வெளியே நிற்கவைத்து, தனியாக வைச்ச போத்தலிலும் தகரப் பேணியிலும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த ஊர் இது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சாதியைக் காட்டி ஒருவரைக் கடைக்குள், கோயிலுக்குள் விடாமல் தடுப்பது குற்றம் என்றது அது. சட்டம் வந்தாலும் கடை வாங்கு அதுபாட்டில் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி தீண்டாமைக்கு எதிராக ஒரு ஊர்வலம் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. பொலிஸ் அடித்தது. அடுத்து வந்த வருசங்களில் ஊர் ஊராகத் தேநீர்க்கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் போராட்டம் தொடர்ந்தது. உயிர்களும் போயின.

அந்த ஊர்வலம் தொடங்கின இடம் சுன்னாகம். நான் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறுகிற ஊர். இருபத்திரண்டு வயது வரைக்கும் எனக்கு ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருக்கு. அம்மம்மா வீட்டுக் கிணற்றடியில், வேலிக் கதியாலில் ஒரு அலுமினியப் பேணி கவிட்டு இருக்கும். சின்ன வயதில் அதை எடுத்து நான் தண்ணி குடிக்கப்போய் அடி வாங்கியிருக்கிறேன். "அது வேலைக்கு வாற ஆக்களுக்கு" என்றா அம்மம்மா. அந்தப் பேணி ஏன் குசினிக்குள் இல்லை என்று நான் கேட்கவில்லை. நாவல் வாசித்து முடித்த இரவு அந்தப் பேணிதான் ஞாபகம் வந்தது. கதையில் வருகிற கடைக்காரரை வில்லனாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் பார்த்தால் அவர் எங்கட வீட்டு ஆள்.

இதை எழுதும்போது ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேணும். பெண்களிடம் "பார்சலோ" என்று கேட்பதும் அந்தத் தகரப் பேணியும் ஒன்று இல்லை. எனக்குத் திரைச்சீலைக்குள் என்றாலும் கதிரை கிடைத்தது, கண்ணாடிக் கோப்பையில்தான் தேத்தண்ணி வந்தது, யாரும் அடிக்கவில்லை. ரெண்டையும் ஒரே தராசில் வைத்தால் அது அடி வாங்கினவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. ஆனால் ரெண்டுக்கும் பின்னால் ஒரே கணக்கு ஓடுது: உன்ர காசு உள்ளுக்கு வரலாம், நீ வராதை. அந்தக் கணக்கு எனக்கு அறிமுகமானது. அதனால்தான் "சும்மா ஒரு கேள்விதானே" என்று விட முடியவில்லை. இன்றைக்கு எங்கள் ஆறு பேரையும் சேர்த்து இருத்துகிற அதே தேத்தண்ணிக்கடை வாங்குகள், ஒரு காலத்தில் ஆளைப் பார்த்து இருத்தின வாங்குகள். சண்டை பிடித்துத்தான் அதை எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். சும்மா கிடைக்கவில்லை.

பொதுவாக்கின பிறகும் யார் இல்லை என்று பார்க்கிற கண் எனக்கு வந்தது மற்ற ரெண்டு பேராலும்தான்.

ஒருநாள் ஐந்துசந்திப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். புத்தளத்துக்காரிதான் கூட்டிக்கொண்டு போனாள். ரொட்டியும் மாட்டிறைச்சிக் கறியும். எனக்கு அது வெள்ளிக்கிழமை இல்லை என்றாலும் மாடு பழக்கமில்லை, முட்டை ரொட்டி எடுத்தேன். அவள் சாப்பிடாமல் தெருவையே பார்த்துக்கொண்டு இருந்தாள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்து யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது அவளின் வாப்பாவுக்குப் பதினைந்து வயது. இங்கே ஒரு கடையில் இரவு நேரத்தில் ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் தான் நித்திரை கொள்வது என்று புத்தளத்தில் இருந்து இப்பவும் சொல்லுவாராம். எந்தக் கடை என்று அவருக்கே இப்போது அடையாளம் தெரியாது. யாழ்ப்பாணத்துச் சாப்பாடு என்று நாங்கள் பட்டியல் போடும்போது கூழ், பிட்டு, நண்டு என்று போய்க்கொண்டே இருக்கிறோம். இந்த ஊரில் இருந்து எழுப்பி அனுப்பப்பட்ட ஒரு சமையலும் இருக்கு. அது பட்டியலில் வராது.

மற்றது ஹட்டன்காரி. அவள் எந்தக் கடையிலும் முதலில் பார்ப்பது தேத்தண்ணியின் நிறத்தை. "இது தூள் இல்லடி, தூசி" என்பாள். அவளின் அம்மா கொழுந்து எடுக்கிறவ. ஒரு மத்தியானம் டவுனில் ஒரு கடையில், எங்களுக்குச் சோறு வைத்த பெடியனின் கதையைக் கேட்டு, "தம்பி எந்த டிவிஷன்?" என்றாள். அவன் திகைத்துப்போய் நின்றான். அவளின் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம். பதினெட்டு வயது இருக்கும். சாதாரண தரம் எழுதினதோடு வந்துவிட்டான். கடைக்கு மேல்தான் படுக்கை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் ஊர். ரெண்டு பேரும் தங்களின் ஊர்க் கதையில் ஐந்து நிமிசம் கதைத்தார்கள். அவள் பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்து, "இருங்க தம்பி" என்றாள். அவன் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டான். யாழ்ப்பாணத்து எத்தனை கடைகளில் மலையகத்துப் பெடியள் மேசை துடைக்கினம், கொத்துப் போடுகினம் என்று பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். மூன்று வருசமாகக் கடைகளுக்குப் போகிறோம். ஒரு கடையிலும் வேலை செய்கிறவர் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டதை நான் காணவில்லை.

"அப்ப நல்ல ரெஸ்ரோரண்டுக்குப் போங்கோவன்" என்று சிலர் சொல்லுவினம். போயிருக்கிறோம், ஒரு பிறந்தநாளுக்கு. குளிரூட்டி, மெல்லிய பாட்டு, கண்ணாடிக் கதவு. அங்கே யாரும் "பார்சலோ" என்று கேட்கவில்லை. பெண்கள் தனியாகவும் இருக்கிறார்கள், சத்தமாகச் சிரிக்கிறார்கள், கழிவறையும் சுத்தம். நல்ல விசயம்தான். ஆனால் அங்கே ஒரு கோப்பிக்குக் கொடுக்கிற காசில் சைவக்கடையில் நாங்கள் ஆறு பேரும் வடை சாப்பிடலாம். அதாவது, பெண் நிம்மதியாக இருக்க ஒரு இடம் இருக்கு, ஆனால் விலை கொடுத்தால்தான். அந்த விலை கொடுக்க முடியாதவளுக்கு, புடவைக்கடையில் நிற்கிற பிள்ளைக்கு, சந்தையில் மரக்கறி விக்கிற அம்மாவுக்கு, என்ர அம்மாவுக்கு, மத்தியானம் ஒரு மணிக்குக் கால் நீட்டி இருக்க டவுனில் எந்த மேசை இருக்கு?

மலிவாகவும் செய்யலாம் என்பதற்கு உதாரணம் கம்பஸுக்குப் பக்கத்திலேயே இருக்கு. திருநெல்வேலி அம்மாச்சி உணவகம். பெண்கள் முன்னால் நின்று சுடச்சுடச் செய்து தருகிறார்கள். குரக்கன் பிட்டு, தோசை, கூழ், இலைக்கஞ்சி எல்லாம் மாணவர் காசுக்குக் கட்டுப்படியாகும். அங்கே பாருங்கோ, பெண்கள் தனியாக வருகிறார்கள், கிழவிகள் வருகிறார்கள், பெடியளும் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு திரைச்சீலையும் தேவைப்படவில்லை. சமைக்கிறவரும் காசு வாங்குகிறவரும் பெண்ணாக இருந்தாலே கடையின் முகம் மாறிவிடுது. எங்கட ஆறு பேரில் மூன்று பெட்டையளுக்கும் அது பிடிச்ச இடமாக இருப்பது கூழுக்காக மட்டும் இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேணும். அந்தக் கல்லாக்கார ஐயா கெட்டவர் இல்லை. அவரின் அனுபவத்தில் பெண்கள் பார்சல்தான் கேட்டிருப்பார்கள். திரைச்சீலை போட்டது தன் மகள் வந்தால் எங்கே இருப்பாள் என்று யோசித்ததாலும் இருக்கலாம். சில பெண்களுக்கு அந்தத் திரைச்சீலை உண்மையிலேயே ஆறுதல். புத்தளத்துக்காரியே சில நாட்களில் "இங்க இருப்பம்" என்று சொல்லியிருக்கிறாள். அதையும் நான் மதிக்கிறேன். திரைச்சீலை இருக்கட்டும். அது வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே போய் இருக்கிறவள் முடிவெடுக்கட்டும். அவ்வளவுதான் என்ர வாதம்.

"சாப்பாட்டிலயும் அரசியலோ?" என்று கேட்கிறவர்களுக்கு: நாங்கள் கொண்டுவந்து போடவில்லை. நாங்கள் போக முன்னமே அது மேசையில் இருந்தது.

அதனால் இதை வாசிக்கிற, முக்கியமாகச் சாப்பாட்டு வீடியோ செய்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நண்டு எப்படி இருந்தது என்று சொல்லுங்கோ. அதோடு, அந்தக் கடையில் எத்தனை பெண்கள் இருந்து சாப்பிட்டார்கள் என்றும் சொல்லுங்கோ. கழிவறைக் கதவுக்குக் கொழுக்கி இருக்கா என்று பாருங்கோ. பரிமாறினவர் எந்த ஊர், எப்போது சாப்பிட்டார் என்று கேளுங்கோ. பெடியள், நீங்கள் முதலே போய் மூலை மேசையைப் பிடிக்காமல், ஒருநாள் உங்கட அக்காவையோ தங்கச்சியையோ முன்னால் விட்டுப் பின்னால் போய்ப் பாருங்கோ. என்ன கேள்வி வருது என்று உங்கள் காதால் கேளுங்கோ. பெட்டையள், முதல் தரம் கூச்சமாகத்தான் இருக்கும். மூன்று பேராகப் போங்கோ. மூன்றாம் தரம் அவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். பழகுவது எங்களுக்கு மட்டும் இல்லை, அவர்களுக்கும்தான்.

போன மாதம் நாங்கள் எங்கட சட்டத்தை நாங்களே மீறினோம். அந்தத் திரைச்சீலைக் கடைக்குத் திரும்பப் போனோம், அந்த வருசத்தில் மூன்றாம் தரம். வேண்டுமென்றே பெட்டையள் மூன்று பேரும் முன்னால். கல்லாவில் அதே ஐயா. எங்களைப் பார்த்தார், பின்னால் வந்த பெடியளையும் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இருந்து சாப்பிடுறியளோ, பார்சலோ?" என்று ஆறு பேரையும் பார்த்துக் கேட்டார்.

மட்டக்களப்பான்தான் பதில் சொன்னான். நாங்கள் நடுவில் இருந்த மேசைக்குப் போனோம். நாலு கதிரைதான் இருந்தது. மற்ற ரெண்டையும் அவரே எழும்பி வந்து இழுத்துப் போட்டார்.